மருந்து கேட்காத காசநோய்: எங்கிருந்து வருகிறது இந்த எதிர்ப்பு?

மதுரைப் பக்கம் காசநோய் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். ஒன்று: "மாத்திரை போட்டுப் போட்டு உடம்பு பழகிருச்சு, அதான் கேக்க மாட்டேங்குது." இன்னொன்று: "ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" முதலாவது அறிவியல்படி தவறு. இரண்டாவது பல நேரங்களில் தவறு. அதோடு, ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டிலும் ஏற்றிவிடுகிறது. படித்தவர்கள்கூட இப்படிப் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் இதை உட்கார்ந்து எழுத வேண்டும் என்று தோன்றும்.

மருந்து எதிர்ப்பு என்பது என்ன, அது எப்படி உண்டாகிறது, காசநோய்க்கு ஏன் ஒரே நேரத்தில் நான்கு மருந்து தருகிறார்கள் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். வழியில் டெனிஸ் மிட்சிசன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியையும் சந்திப்போம். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் இந்தக் கேள்வியோடேயே வாழ்ந்தார். அதற்குக் கிடைத்த விடைகளில் ஒரு பகுதி தமிழ்நாட்டு நோயாளிகளிடமிருந்து வந்தது.

முதலில் கிருமியைப் பார்ப்போம்

காசநோயை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா. ராபர்ட் கோக் அதைக் கண்டறிந்ததாக பெர்லினில் அறிவித்த நாள் 1882 மார்ச் 24. உலகக் காசநோய் நாள் அந்தத் தேதியில் வருவதற்கு அதுதான் காரணம்.

இந்தக் கிருமி குச்சி வடிவில் இருக்கும். இதன் மேல்சுவர் மெழுகு போன்ற கொழுப்பால் ஆனது. சாதாரணச் சாயம் அதில் எளிதில் ஏறாது. அதனால் சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றி, அடியில் சூடு காட்டி ஏற்றுவார்கள். அப்புறம் அமிலம் ஊற்றிக் கழுவுவார்கள். மற்றதிலெல்லாம் சிவப்பு போய்விடும். காசநோய்க் கிருமியில் மட்டும் போகாது. கடைசியாக நீலச் சாயம் பூசிவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள் ஒன்றிரண்டாகவோ கும்பலாகவோ தெரியும். சளிப் பரிசோதனை என்று நாம் சொல்வதில் பல்லாண்டுகளாக நடந்துவருவது இதுதான்.

இன்னொரு குணம் இதைவிட முக்கியம். இந்தக் கிருமி மிக மெதுவாகப் பெருகும். நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா, வசதி கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் வேண்டும். ஆய்வகத்தில் முட்டை கலந்த பச்சை நிற வளர்ப்பு ஊடகத்தைப் பாட்டிலில் சாய்வாக உறையவைத்து, அதில் சளியை இட்டு வளர்ப்பார்கள். உதிரி உதிரியாக, வெளிர்மஞ்சள் நிறத்தில், சொரசொரப்பான திட்டுகள் கண்ணுக்குத் தெரிய மூன்று வாரம் ஆகலாம். எட்டு வாரம்கூட ஆகலாம். இந்தக் கிருமியை ஆராய வருபவருக்கு ஒரே கேள்வியில் பல வருஷம் போய்விடுவது இதனால்தான்.

பரவுவது காற்று வழியாக. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது, தும்மும்போது வெளிவரும் நுண்துளிகளில் கிருமி இருக்கும். தட்டு, டம்ளரைப் பிரித்து வைப்பதால் ஒரு பயனும் இல்லை. சன்னலைத் திறந்து வைப்பதால் உண்டு.

மல்லித் தோட்டமும் மொட்டுப்புழுவும்

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை போட்டிருப்பவர்களிடம் மொட்டுப்புழு பற்றிக் கேட்டுப் பாருங்கள். புதிதாக ஒரு பூச்சிமருந்தை அடிக்கும்போது புழு நன்றாகச் சாகும். அதே மருந்தையே வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்தால், ஒரு கட்டத்தில் எவ்வளவு அடித்தாலும் கேட்காது. "புழு மருந்துக்குப் பழகிப்போச்சு" என்பார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மருந்து பட்ட புழு செத்துவிட்டது. செத்த புழுவுக்குப் பழக ஏது நேரம்?

நடப்பது வேறு. தோட்டம் முழுக்க இருக்கும் எண்ணற்ற புழுக்களில் ஒன்றிரண்டு பிறக்கும்போதே சற்று வேறு மாதிரி இருக்கும். அந்த வேறுபாட்டால் மற்ற நாட்களில் அவற்றுக்கு எந்த லாபமும் இல்லை. மருந்து அடித்த அன்று மட்டும் அவை பிழைத்துக்கொள்ளும். போட்டிக்கு இருந்த மற்றவை எல்லாம் போய்விட்டன. செடி முழுக்க இவற்றுக்குத்தான். அடுத்தடுத்த தலைமுறைகள் இவற்றின் வாரிசுகள். மருந்து எந்தப் புழுவையும் மாற்றவில்லை. முன்பே வேறாக இருந்ததைப் பொறுக்கியெடுத்தது, அவ்வளவுதான்.

நுரையீரலிலும் நடப்பது இதேதான். புழுக்களின் இடத்தில் கிருமிகளை வைத்துக்கொள்ளுங்கள். மனித உடம்பு தோட்டத்தின் இடத்தில் இருக்கிறது. எதிர்ப்பு அந்த உடம்பில் இல்லை, உள்ளே வாழும் கிருமியில் இருக்கிறது. அதனால்தான் அந்தக் கிருமி இன்னொருவருக்குத் தொற்றும்போது எதிர்ப்பும் கூடவே போகிறது. உடம்பு பழகுவதாக இருந்தால் அப்படித் தொற்றவே முடியாது.

வெல்வெட் துணி சொன்ன சாட்சி

"மருந்து வருவதற்கு முன்பே எதிர்ப்பு இருந்தது என்று எப்படித் தெரியும்? மருந்தைப் பார்த்த பிறகு கிருமி மாறியிருக்கலாமே?" என்று கேட்டால், அது நல்ல கேள்வி. விஞ்ஞானிகளுக்குள்ளேயே இதில் நெடுநாள் சண்டை இருந்தது. 1952இல் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் தம்பதி வெளியிட்ட ஒரு சோதனை அதற்கு மிக அழகான பதில். அவர்கள் எடுத்துக்கொண்டது ஈ.கோலையை.

மருந்தே இல்லாத தட்டில் பாக்டீரியாவை வளர்த்தார்கள். ஒரு கட்டையின் முகத்தில் வெல்வெட் துணியைக் கட்டி, அந்தத் தட்டின் மேல் மெதுவாக ஒற்றினார்கள். துணியின் நுண்ணிய இழைகளில் பாக்டீரியாக்கள் அதே இட அமைப்போடு ஒட்டிக்கொண்டன. அந்தத் துணியை மருந்து கலந்த தட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றினார்கள். ஏறக்குறைய எல்லாம் செத்தன. சில இடங்களில் மட்டும் பாக்டீரியா வளர்ந்தது. கவனிக்க வேண்டியது இது: எல்லாத் தட்டுகளிலும் அது ஒரே இடத்தில் வளர்ந்தது. மருந்தைப் பார்த்த பிறகுதான் மாறியது என்றால், தட்டுக்குத் தட்டு இடம் மாறியிருக்க வேண்டும். முதல் தட்டில் அதே இடத்திலிருந்து எடுத்த பாக்டீரியா மருந்தை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் அதில் எதிர்ப்பு இருந்தது.

சரி, இதுவரை வந்தது: எதிர்ப்பு கிருமியுடையது, மனிதருடையதல்ல. அது மருந்து வருவதற்கு முன்பே, தற்செயலாக, மிகச் சில கிருமிகளிடம் இருக்கிறது. மருந்து அந்தச் சிலவற்றைப் பெருக விடுகிறது.

கிருமிக்குள் மாறுவது என்ன?

ஒவ்வொரு கிருமிக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. நான்கே எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதிய குறிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். காசநோய்க் கிருமியின் முழுக் குறிப்பையும் 1998இல் படித்து முடித்தார்கள்: சுமார் 44 லட்சம் எழுத்துகள், அவற்றில் ஏறக்குறைய 4,000 மரபணுக்கள். ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று சொல்லும் ஒரு பகுதியே மரபணு.

கிருமி இரண்டாகும்போது இந்த 44 லட்சம் எழுத்துகளையும் நகலெடுக்க வேண்டும். எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடும். இதற்குப் பிறழ்வு என்று பெயர். பெரும்பாலான பிறழ்வுகளால் ஒன்றும் ஆகாது. சிலவற்றால் கிருமியே சாகும். மிக அரிதாக, மருந்து வேலை செய்யும் இடத்திலேயே ஒரு மாற்றம் விழும்.

ரிஃபாம்பிசினை எடுத்துக்கொள்வோம். காசநோய் மருந்துகளில் முதுகெலும்பு போன்றது இது. சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கிப் பலரைப் பயமுறுத்தும் மாத்திரையும் இதுதான்; அந்த நிறத்தால் ஒரு கெடுதலும் இல்லை. கிருமியில் டி.என்.ஏ. குறிப்பைப் படித்து வேலைக்கு அனுப்பும் புரதம் ஒன்று உண்டு. ரிஃபாம்பிசின் அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். கிருமியின் வேலை நின்றுபோகும். அந்தப் புரதத்தில் மருந்து உட்காரும் இடத்தின் வடிவம் சற்று மாறிவிட்டால், மருந்துக்கு உட்கார இடமில்லை. ரிஃபாம்பிசின் எதிர்ப்புள்ள கிருமிகளில் சுமார் 95 விழுக்காட்டில் இந்த மாற்றம் வெறும் 81 எழுத்து நீளமுள்ள ஒரே பகுதியில் இருக்கிறது. 44 லட்சத்தில் 81! இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஐசோனியாசிட் என்ற மருந்தின் கதை வேறு. அது உள்ளே போகும்போது வீரியமற்றது. கிருமியின் சொந்த நொதி ஒன்றே அதை வீரியமுள்ளதாக மாற்றித் தன் அழிவைத் தேடிக்கொள்கிறது. அந்த நொதி பிறழ்வால் கெட்டுப்போன கிருமிக்குள் மருந்து சும்மா கிடக்கும்.

வேறு பல பாக்டீரியாக்கள் எதிர்ப்பு மரபணுக்களை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும். காசநோய்க் கிருமி அப்படிச் செய்வதில்லை. அதன் எதிர்ப்பெல்லாம் சொந்தப் பிறழ்வுகளால் வருவது. இதில் நமக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது: எதிர்ப்பைக் கணக்குப் போட்டுத் தடுக்கலாம்.

ஒரு மருந்து தோற்ற கதை, மிட்சிசனின் கணக்கு

காசநோயை வென்ற முதல் மருந்து ஸ்ட்ரெப்டோமைசின், 1943இல் கண்டுபிடிக்கப்பட்டது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் அது கொஞ்சம்தான் கிடைத்தது. எல்லோருக்கும் தர முடியாத நிலையில், மருந்து பெறுவோர் 55 பேர், படுக்கை ஓய்வு மட்டும் பெறுவோர் 52 பேர் என்று குலுக்கல் முறையில் பிரித்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். முடிவு 1948இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 14 பேர்.

எல்லோரும் கொண்டாடியிருக்க வேண்டிய முடிவு. ஆனால் தேறிவந்த பலர் சில மாதங்களில் மறுபடி மோசமானார்கள். அவர்களுடைய சளியில் வளர்ந்த கிருமிகள் இப்போது ஸ்ட்ரெப்டோமைசினுக்குச் சாகவில்லை. அந்த நோயாளிகளின் கிருமிகளை ஆய்வகத்தில் பரிசோதித்தவர்களில் ஒருவர்தான் அப்போது முப்பது வயதைத் தொடாத டெனிஸ் மிட்சிசன்.

அன்று விடை தேடியவர்களுக்குக் கைகொடுத்த கணக்கு எளியது. பின்னால் வந்த மருந்துகளை வைத்தே அதைப் பார்ப்போம். முற்றிய காசநோயில் நுரையீரல் அரித்துக் குழி விழும். அப்படி ஒரு குழியில் சுமார் 10 கோடி கிருமிகள் இருக்கலாம். ஐசோனியாசிட்டுக்கு எதிர்ப்புள்ளது ஏறக்குறைய 10 லட்சத்தில் ஒன்று. அப்படியானால் அந்தக் குழியில் 100 கிருமிகள் முன்கூட்டியே தயாராக இருக்கின்றன. ஐசோனியாசிட் மட்டும் கொடுத்தால் மற்றவை சாகும், இந்த 100 பெருகும். ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்புள்ளது 10 கோடியில் ஒன்று. குழியில் ஒன்றே ஒன்று இருக்கலாம், அதுவும் போதும்.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்? ஒரே கிருமியில் இரண்டு பிறழ்வும் தற்செயலாக அமைய வேண்டும். பத்து லட்சத்தைப் பத்து கோடியால் பெருக்குங்கள். கோடியைக் கோடியால் பெருக்கிய எண் வரும். அத்தனை கிருமிகளில் ஒன்று. அவ்வளவு கிருமி எந்த நுரையீரலிலும் இல்லை. ஒரு மருந்துக்குத் தப்பியதை இன்னொன்று கொன்றுவிடும். கூட்டு மருந்து சிகிச்சையின் அடிப்படை இவ்வளவுதான். "நாலு மாத்திரை எதுக்கு, நல்லதா ஒண்ணு குடுங்க" என்று டாக்டரிடம் கேட்பவர்களுக்கு இந்தப் பெருக்கல் கணக்கை யாராவது பொறுமையாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சென்னை, மதுரை, லண்டன்

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. இன்று அது சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். பின்னாளில் அதன் ஒரு பிரிவு மதுரையிலும் அமைந்தது. மிட்சிசனின் லண்டன் ஆய்வகமும் சென்னை மையமும் பல ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தன.

அந்த மையத்தின் முதல் பெரிய முடிவு 1959இல் வந்தது. ஏழைக் குடும்பத்து நோயாளிகள் நெருக்கடியான வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டாலும், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் நல்ல சாப்பாட்டோடு படுத்திருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். அவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் ஏற்படவில்லை. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டுக்கு நகர்ந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. தோப்பூரில் நெஞ்சக மருத்துவமனை இருக்கும் மதுரையில், காசநோய் என்றால் ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று இன்னும் நினைப்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு கண்டுபிடிப்பு ஆராய்ச்சியாளர்களையே வியக்கவைத்தது. தென்னிந்திய நோயாளிகளின் கிருமிகளையும் பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமிகளையும் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி மிட்சிசனும் சென்னைக் குழுவினரும் ஒப்பிட்டார்கள். நம் ஊர்க் கிருமிகளில் பல, கினிப்பன்றிகளில் வீரியம் குறைந்திருந்தன. நம் மனிதர்களுக்கு நோய் லேசாக வந்தது என்று இதற்குப் பொருளில்லை. காசநோய்க் கிருமி எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. தமிழ்நாட்டில் அதிகம் காணப்படுவது ஒரு தனி வம்சாவளி என்பதைப் பின்னால் டி.என்.ஏ. ஆய்வுகளும் காட்டின.

மிட்சிசன் 1984இல் ஓய்வு பெற்றார், பெயரளவில்தான். தொண்ணூறு வயதுக்குப் பிறகும் ஆய்வில் இருந்தார். 2018இல் 98 வயதில் காலமானார்.

ஆறு மாதம் எதற்கு?

நுரையீரலில் உள்ள எல்லாக் கிருமிகளும் ஒரே நிலையில் இல்லை என்பதைத் தெளிவாகச் சொன்னவர் மிட்சிசன்தான். சில சுறுசுறுப்பாகப் பெருகிக்கொண்டிருக்கும். ஐசோனியாசிட் அவற்றைச் சில நாட்களிலேயே பெருமளவு கொன்றுவிடும். சில பெரும்பாலும் அடங்கிக் கிடந்து அவ்வப்போது மட்டும் விழிக்கும். அவற்றைப் பிடிப்பது ரிஃபாம்பிசின். வேறு சில அமிலத்தன்மையுள்ள இடங்களில் இருக்கும். அங்கே வேலை செய்வது பைரசினமைடு. நான்காவதான எத்தாம்புட்டால், மற்றவற்றுக்கு எதிர்ப்பு உருவாகாமல் காவல் காக்கும்.

முதல் சில வாரங்களில் காய்ச்சல் போய்விடும், இருமல் குறையும், பசி எடுக்கும். இறந்தது சுறுசுறுப்பான கூட்டம். அடங்கிக் கிடப்பவை இன்னும் உள்ளே இருக்கின்றன. அவற்றில் எதிர்ப்பு இல்லை, விழிப்புதான் இல்லை. ஒவ்வொன்றாக விழிக்கும்போது மருந்து அங்கே இருந்தாக வேண்டும். மீதி மாதங்கள் அதற்குத்தான்.

அப்படியானால் யார் தவறு?

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எல்லா மாத்திரையையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டால் நோய் திரும்பலாம். ஆனால் திரும்பி வரும் கிருமி பல நேரங்களில் பழைய மருந்துக்கே கேட்கும். எதிர்ப்பை வளர்ப்பது அரைகுறைச் சிகிச்சை: வயிற்றைப் புரட்டுகிறது என்று ஒன்றை மட்டும் விடுவது, இரண்டு நாள் போட்டு மூன்று நாள் விடுவது, எடைக்குக் குறைந்த அளவு எழுதித் தருவது, நடுவில் மருந்து இருப்பு இல்லாமல் போவது. இப்படி ஆகும்போது, பெயருக்குத்தான் கூட்டுச் சிகிச்சை. கிருமியைப் பொறுத்தவரை ஒரே ஒரு மருந்தோடு தனித்து மோதும் நாட்கள் வந்துவிடுகின்றன. இப்போது பல மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்துத் தருவது, ஒன்றை மட்டும் விடும் வழியை அடைக்கத்தான்.

மூன்று வாரமாக இருமல் என்று மெடிக்கலில் கேட்டு, சளிப் பரிசோதனை இல்லாமலே வீரியமான ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடுவதும் இதே கணக்கில் வரும். லெவோஃப்ளாக்சசின் போன்றவை காசநோய்க் கிருமியையும் ஓரளவு தாக்கும்; நோய் கொஞ்ச நாள் மறைந்து நிற்கும், பொறுக்கியெடுக்கும் வேலை உள்ளே தொடங்கிவிடும்.

நோயாளியின் பங்கு இதில் ஒன்றுதான். எழுதிக் கொடுத்தவர், விற்றவர், இருப்பு வைக்க வேண்டியவர் என்று பலருக்குப் பங்கு உண்டு. எதிர்ப்புள்ள கிருமியே நேரடியாகத் தொற்றியவரோ வாழ்நாளில் ஒரு காசநோய் மாத்திரைகூடத் தொட்டிருக்க மாட்டார். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் கேட்காத காசநோயை எம்.டி.ஆர். காசநோய் என்பார்கள். இந்தியா 2014–16இல் நடத்திய தேசியக் கணக்கெடுப்பில், முன்பு சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 11.6 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. முதல் தடவையாக நோய் கண்டவர்களில் 2.84 விழுக்காடு. இந்த இரண்டாவது கூட்டத்தைப் பார்த்து "ஒழுங்கா சாப்பிட்டிருந்தா" என்று யார் சொல்ல முடியும்?

சுருக்கமாக: நான்கு மருந்து, எதிர்ப்புள்ள கிருமி தப்பாமல் இருக்க; ஆறு மாதம், அடங்கிக் கிடக்கும் கிருமி தப்பாமல் இருக்க. எதிர்ப்பு ஒருவருக்குள்ளேயே உருவாகலாம், காற்றில் வந்தும் சேரலாம்.

இரண்டு மணி நேரத்தில் விடை

முன்பெல்லாம் எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்க, மருந்து கலந்த ஊடகத்தில் கிருமி வளர்கிறதா என்று வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். இப்போது அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் என்ற கருவி உண்டு. சளியைக் கரைத்து ஒரு சிறு பெட்டிக்குள் ஊற்றி வைத்தால், சுமார் இரண்டு மணி நேரத்தில் இரண்டு பதில் வரும்: காசநோய்க் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இருக்கிறதா. கருவி பார்ப்பது முன்னால் சொன்ன அந்த 81 எழுத்துகளைத்தான். கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கி, ஒளிரும் சிறு துண்டுகளை அந்தப் பகுதியில் ஒட்டவைக்கும். எழுத்து மாறியிருந்தால் அங்கே ஒட்டாது. ஒளி வராத இடத்தில் எதிர்ப்பு என்று பொருள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் பெரியாஸ்பத்திரியிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சளி கொடுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். டப்பாவில் எச்சிலைத் துப்பாமல், மூச்சை ஆழ இழுத்து இருமி, நெஞ்சிலிருந்து வரும் சளியைக் கொடுப்பது முக்கியம். எச்சிலைக் கொடுத்தால் கருவி எவ்வளவு நல்லதாக இருந்தும் கிருமி தப்பிவிடும்.

எதிர்ப்பு இருந்தால்

எம்.டி.ஆர். என்றால் முடிந்தது என்ற பயம் வேண்டாம். முன்பு ஒன்றரை, இரண்டு வருஷச் சிகிச்சை. காது கேட்காமல் செய்துவிடக்கூடிய ஊசிகளும் அதில் இருந்தன. இப்போது பெடாகுயிலின், பிரெட்டோமனிட், லினெசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் ஆகிய நான்கையும் சேர்த்து ஆறு மாதம் தரும் ஊசியில்லாச் சிகிச்சையை இந்தியா 2024இல் ஏற்றிருக்கிறது. பெடாகுயிலின் கிருமியின் ஆற்றல் உற்பத்தியையே நிறுத்தும் மருந்து. அமெரிக்கா 2012இல் அதை அனுமதித்தபோது, காசநோய்க்கென்று புது வகை மருந்து ஒன்று வந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதற்கும் அதே கணக்குதான். பெடாகுயிலினுக்குக் கேட்காத கிருமிகளும் பல நாடுகளில் கண்டறியப்பட்டுவிட்டன. உள்ளே நுழைந்த மருந்தை வெளியே தள்ளும் பம்பை ஒரு பிறழ்வு முடுக்கிவிடுகிறது. அதனால்தான் இதைத் தனியாக யாருக்கும் தருவதில்லை. ஆராய்ச்சியாளர்கள் இப்போது மல்லுக்கட்டும் சிக்கல் இன்னொன்று. ரிஃபாம்பிசினுக்கு 81 எழுத்துகளைப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடுகிறது. பெடாகுயிலின் எதிர்ப்புக்குக் காரணமான மாற்றங்களோ அந்தப் பம்பைக் கட்டுப்படுத்தும் மரபணு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. இரண்டு மணி நேரத்தில் அவை எல்லாவற்றையும் பிடிக்கும் பெட்டியை இனிமேல்தான் செய்ய வேண்டும்.